ரொக்காலேதாவில் கறுப்பு மொச்சை

ரொக்காலேதா, 6 மார்ச் 2013

நீவெஸ்,

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பெர்காமோவிலிருந்து ஊரைச் சுற்றிப்பார்க்கப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். கீழ்வாசலில் தொடங்கி, பெனடிக்ட் சபை மடம், அகுஸ்தினார் மடம், பிரான்சிஸ்கன் மடம், நகரமன்றம் என்று மேலே ஏறி, சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உங்கள் மடத்துக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கதவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டார்.

"உள்ள இன்னும் ஆளுங்க இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க. அஞ்சு பேர்."

"அவங்கள்ல யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"அவங்கள யாருக்குமே தெரியாதுங்க. அதுக்குத்தானே இம்மாம் பெரிய சுவரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களில் ஒருத்தி என் தங்கை, அவளும் நானும் இருபது வருஷம் ஒரே அறையில் படுத்தோம், இந்தச் சுற்றிக்காட்டும் நடையையே இருவரும் சேர்ந்துதான் திட்டம் போட்டோம் என்று நான் சொல்லவில்லை.

ஏழு வருஷமாக உனக்கு நான் எழுதியதில்லை. போன செப்டம்பரில் சாகும்வரை மடம்தான் என்று நீ நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தபோதும் வரவில்லை. அன்று சுற்றிக்காட்ட எனக்கு ஒரு கூட்டம் இருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். கூட்டம் இருந்தது உண்மைதான். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ரொட்டிக்கடை வில்மா. "கன்னியர் மடத்த மூடறாங்களாமே, மடங்களோட கூட்டமைப்புலேர்ந்து பெரிய மதர் வராங்களாம், உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. அஞ்சு பேரையும் அட்ரியாட்டிக் கரையில் இருக்கும் பெரிய மடத்தோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். மே மாதம் நீங்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யவேண்டுமாம். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டதால் உனக்கும் ஓட்டு உண்டாம்.

நம் ஊரில் நானூறு வீடு, நாலு மடம். இந்த மலைத்தொடரில் வேறு எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு கிடையாது. அதில் பெனடிக்ட் மடம் ஓட்டல் ஆகிவிட்டது. அகுஸ்தினார் மடம் பள்ளிக்கூடம். பிரான்சிஸ்கன் மடத்தில் நகர நூலகம். அங்கெல்லாம் நான் காட்டுவது கல். கல்லுக்குப் பின்னால் ஆள் இருக்கும் ஒரே இடம் உங்கள் கதவு. நீங்களும் போய்விட்டால் நான் தினமும் நாலு காலி வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவள்.

போகாதே. 'இருக்கிறோம்' என்று ஓட்டுப் போடு.

ஒர்தென்சியா

---

21 மார்ச் 2013

நீவெஸ்,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. கடிதத்தை நானே உங்கள் வாசலில் இருக்கும் சுழல்பெட்டியில் வைத்து, நானே உள்பக்கம் திருப்பிவிட்டேன். பெட்டி காலியாகத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். ஆகவே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

எனக்கும் ரோஷம் உண்டு என்பது உனக்குத் தெரியும். இதற்குமேல் நான் எழுதமாட்டேன்.

ஒ.

---

புனித கிளாரா மடம், 2 ஏப்ரல் 2013

அன்புள்ள ஒர்தென்சியா,

தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாள் மதர் ஜெர்த்ரூதா எல்லாருக்கும் வந்ததை மொத்தமாகக் கொடுப்பார். எனக்கு இரண்டு. முதலில் பிரித்தது உன் இரண்டாவது கடிதம். ஊரின் நாலு மடத்தையும் கரைத்துக் குடித்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

வாய்விட்டுப் படித்துவிட்டேன், சிஸ்டர் பிளாசிதா பக்கத்திலேயே இருந்தார். எண்பத்தேழு வயது. எங்கள் சமையல்காரர். கண் பாதி தெரியாது, காது முழுக்கக் கேட்கும். "யாருடி அது, கடுதாசியிலேயே மூச்சு வாங்குறா?" என்றார். "என் அக்கா." "ஓ, பன்னெண்டு மணிக்காரியா!"

ஆமாம். உள்ளே உனக்கு அதுதான் பெயர். எங்கள் செபக்கூடத்து ஜன்னல் உன் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. நண்பகல் செபத்துக்கு நாங்கள் கூடும் நேரமும் நீ வந்து நிற்கும் நேரமும் ஒன்று. ஏழு வருஷமாக, திங்கட்கிழமை தவிர, நீ பேசும் ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்கு மனப்பாடம். அதனால் சில திருத்தங்கள்.

எங்கள் மடத்தை நிறுவிய தாய் வெறுங்காலோடு மலை ஏறினாள் என்கிறாய். இல்லை, கழுதையில் வந்தாள். கழுதையின் பெயர்கூட எங்களுக்குத் தெரியும்.

கிராதிக்குப் பின்னால் நாங்கள் கண்ணீரோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு தொனி வைக்கிறாய். நேற்று மாலை பிளாசிதா சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றி ஜெயித்தார். கண் தெரியாதவர் எப்படி ஏமாற்றினார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தகப்பன்மார் பூட்டிவைத்த பெண்கள் என்கிறாய். அப்படியும் சிலர் இருந்தார்கள். சொல். ஆனால் மிச்சத்தையும் சொல். 1860இல் இத்தாலியை ஒன்றுசேர்த்த புது அரசாங்கத்தின் ஆட்கள் வந்து கதவைத் திறந்து, "நீங்க இப்ப சுதந்திரமானவங்க, வீட்டுக்குப் போலாம்" என்றபோது உள்ளே பதினாலு பேர். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களைத் தூக்க முடியவில்லை. இதை நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

ஓட்டைப் பற்றி நீ கேட்டிருக்கக் கூடாது, நான் பதில் சொல்லவும் கூடாது. எப்படி நடக்கும் என்பதை வேண்டுமானால் சொல்லலாம். ஆளுக்கு ஒரு கறுப்பு மொச்சை, ஒரு வெள்ளை மொச்சை. ஒன்றைச் சட்டிக்குள் போடுவோம், மற்றதைப் பையில் வைத்துக்கொள்வோம். நகரமன்றத்தில் நீ தினமும் சொல்லும் அதே வழக்கம்தான்: கறுப்பு என்றால் ஆம், வெள்ளை என்றால் இல்லை. "முத்துன மொச்சைதான் கறுக்கும், முத்துன மனசுதான் ஆமாங்கும்" என்பார் பிளாசிதா.

நான் உள்ளே வந்த அன்று வாசலில் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "உனக்கு யோசிக்கச் சோம்பேறித்தனம். மணி அடிச்சா எந்திரிக்கலாம், மணி அடிச்சா சாப்பிடலாம், அதுக்குத்தான் போற." நாங்கள் நாலு மணிக்கு எழுகிறோம். இதை உன் நடையில் சேர்த்துக்கொள்ளலாம்.

தெக்லா

---

14 ஏப்ரல் 2013

நீவெஸ் (மடத்தில் உனக்கு வைத்த தெக்லா என்ற பெயரை எழுத இன்னும் கை வரவில்லை),

கழுதையை ஏற்றுக்கொள்கிறேன். பெயர் என்ன?

பதினாலு பேரைப் பற்றி நீ எழுதியதை அன்றே நகர ஆவணங்களில் சரிபார்த்தேன். உண்மைதான். அதற்கு அடுத்த நாள் முதல் சொல்கிறேன். கேட்டிருப்பாய். நேற்று ஒரு பெண்மணி, "ஒருத்திகூடவா எந்திரிக்கல?" என்று மூன்று முறை கேட்டார். "எங்க ஊர்ப் பொண்ணுங்க அப்படித்தாங்க, ஒக்காந்தா ஒக்காந்ததுதான்" என்றேன். சொன்னபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஏழு வருஷமாக உன் மேல் இருந்த கோபத்தில் அந்தப் பதினாலு பேரையும் நான் அழவைத்துக் காட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் என்னை ஒன்றுமே தெரியாதவள் மாதிரி எழுதாதே. பெனடிக்ட் மடத்துக் கிணற்றின் மேல்விளிம்பில் கயிறு அறுத்த பள்ளங்கள் பதினேழு. எண்ணி வைத்திருக்கிறேன். அகுஸ்தினார் மடத்துப் படிக்கட்டில் நடுப்படி மட்டும் தேய்ந்திருப்பது ஏன் என்று கேட்டால், துறவிகள் அங்கே முழந்தாளிட்டார்கள் என்று வெளியூர் வழிகாட்டிகள் கதை விடுவார்கள். அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் குதிப்பார்கள், அவ்வளவுதான். நான் இருப்பதைத்தான் சொல்கிறேன். இந்த ஊரை வைத்து யாரும் பொய் சொல்ல நான் விடுவதில்லை.

பதில் சொல்லக் கூடாது என்றால் சொல்லாதே. நான் மட்டும் இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன். கறுப்பைப் போடு.

ஒர்தென்சியா

---

30 மே 2013

ஒர்தென்சியா,

கழுதையின் பெயர் பெப்பா.

ஓட்டு முடிந்தது. கூட்டமைப்புத் தலைவி மதர் ரொமில்தா வந்து நடத்திவிட்டுப் போனார். முடிவை அங்கேயே அறிவிப்பதில்லை. எழுதி, அரக்கு வைத்து, எடுத்துப்போய்விட்டார். கடிதமாக வரும்.

மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். பிளாசிதா தோட்டத்தில் அடுத்த வருஷத்துக்கான பாத்தி கட்டச் சொல்கிறார்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

தெக்லா

---

3 ஜூலை 2013

ஒர்தென்சியா,

எழுத வேண்டாம் என்றேன். நீயும் எழுதவில்லை. ஆனால் இப்போது நான் எழுதியாக வேண்டும்.

நேற்று கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. சாப்பாட்டு அறையில் மதர் ஜெர்த்ரூதா படித்தார். "உங்கள் பெரும்பான்மை விருப்பப்படியே, நவம்பர் முதல் நாள் அனைத்துப் புனிதர் திருநாளுக்குள் நீங்கள் கடற்கரை மடத்துக்கு மாறுவதற்கு ஏற்பாடு செய்கிறோம்." பிளாசிதா, "யாரோட விருப்பம்?" என்றார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் யார் மாற்றிப் போட்டது என்ற சந்தேகம் ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று கேட்கப்பட்ட கேள்வி: "இந்த மடம் ரொக்காலேதாவிலேயே தொடர வேண்டுமா?" எண்ணும்போது கூட நிற்க இரண்டு பேர் வேண்டும். மூத்தவர் பிளாசிதா, இளையவள் நான். மதர் ரொமில்தா சட்டியைக் கவிழ்த்தார். நாலு கறுப்பு, ஒரு வெள்ளை. பிளாசிதாவுக்குக் கண் தெரியாது. எனக்குத் தெரியும். மதர் ரொமில்தா வடக்கத்திக்காரர். அவர்கள் பக்கம் வெள்ளைதான் ஆம். அவர் எழுதுவதை நான் பார்த்தேன்: "ஆம் – ஒன்று. இல்லை – நாலு."

தப்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

சட்டி கவிழ்ந்த பிறகு அந்தக் கூடத்தில் தலைவியைத் தவிர யாரும் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. வெளியே வந்ததும் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லியிருக்கலாம். அவர் மறுநாள் காலைதான் கிளம்பினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த ஒரு வெள்ளை என்னுடையது.

கோபப்படுவதற்கு முன்னால் கேள். நான் வந்தது அமைதியைத் தேடி. உன் குரல் ஏழு வருஷமாகத் தினமும் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்குள் வருகிறது. அந்த நேரத்துத் திருப்பாடலை நான் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. உதடு சொல்லும், காது உன்னிடம் இருக்கும். உனக்குச் சளி பிடித்தால் தெரியும். உனக்குக் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் தெரியும். திங்கட்கிழமை நீ வரமாட்டாய், அன்று முழுக்க எனக்கு எரிச்சல். என்னோடு பேசமாட்டேன் என்கிறவள் என் தலைக்குக் கீழே நின்று ஊருக்கெல்லாம் பேசுகிறாள். இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால்தான் நான் கன்னியாஸ்திரி ஆக முடியும் என்று நினைத்தேன்.

அது என் ஓட்டு, என் உரிமை. ஆனால் மற்ற நாலு பேரின் ஓட்டை விழுங்க எனக்கு உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். சொன்னால் மட்டும் போதாது. இளையவள் ஒருத்தி மனம் மாறிப் பேசுகிறாள் என்று கூட்டமைப்பு நினைக்கும். இந்த வீட்டில் கறுப்புதான் ஆம் என்பதற்கு எழுத்தில் ஒன்று வேண்டும். எங்கள் பழைய ஓட்டுப் புத்தகம் 1860இல் எடுத்துப்போனவற்றில் ஒன்று. நகர ஆவண அறையில் இருக்க வேண்டும். நாங்கள் வெளியே வந்து தேட முடியாது. நீ தேடுவாயா?

நீவெஸ்

---

9 ஜூலை 2013

நீவெஸ்,

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்ததெல்லாம் என்ன என்று உனக்கே தெரியும். சின்ன வயதில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுவேனே, அந்த மாதிரிதான். விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: சளி பிடித்தது உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் நெடுநேரம் படிக்க முடியவில்லை.

புத்தகம் கிடைத்தது.

ஆவண அறையில் காப்பாளர் தூல்லியோ இருந்தார். "என்னம்மா, சுற்றுலா ஜனத்த இங்கயும் கூட்டியாந்துட்டியா?"

"இல்ல, தனியாத்தான் வந்தேன்."

"அப்ப விஷயம் பெருசுதான்" என்று சாவியை எடுத்தார்.

எட்டு பெட்டி. ஏழாவதில் இருந்தது. ஆட்டுத்தோல் அட்டை, ஒரு மூலையை எலி தின்றிருக்கிறது. 1612 முதல் 1860 வரை உங்கள் வீட்டில் நடந்த எல்லா ஓட்டும். யாரைச் சேர்ப்பது, யாரைத் தலைவியாக்குவது, கூரையை மாற்றுவதா, மணியை உருக்குவதா. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரே வாக்கியம், இருநூற்றைம்பது வருஷம், கை மட்டும் மாறிக்கொண்டே போகிறது: "இவ்வூர் வழக்கப்படி, கறுப்பு ஆம், வெள்ளை இல்லை."

எத்தனை கை, நீவெஸ்! சிலருக்கு எழுத்து சித்திரம் மாதிரி. ஒருத்திக்கு எழுத்தே வராது போல, கோழி கிளறியது போல் இருக்கிறது. அவளும் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாள். நகரமன்றத்து ஆண்கள் ஓட்டுப்போட்டதை நான் தினமும் பெருமையாகச் சொல்கிறேன். அவர்களுடைய புத்தகத்தில் பாதி தொலைந்துவிட்டது. உங்களுடையது முழுதாக இருக்கிறது. இதைச் சத்தம்போட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தூல்லியோவிடம் சொன்னேன். "பொம்பளைங்க கணக்கு எப்பவும் சுத்தமா இருக்கும்" என்றார்.

ஆறு பக்கங்களுக்கு நகல் எடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். சுழல்பெட்டியில் இருக்கிறது.

ஒர்தென்சியா

---

15 ஜூலை 2013

ஒர்தென்சியா,

சொல்லிவிட்டேன்.

கூடத்தின் நடுவில் முழந்தாளிட்டுத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். நான் பார்த்ததை, எழுதப்பட்டதை, வாய் திறக்காததை. என் மொச்சை என்ன நிறம் என்பதை மட்டும் மதர் ஜெர்த்ரூதா சொல்லவிடவில்லை. கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "அது உனக்கும் ஆண்டவருக்கும். மிச்சத்த சொல்லு."

முடித்தேன். பிறகு பிளாசிதா, "ஏன்டி, அன்னிக்கு வாயில மொச்சையா வச்சிருந்த?" என்றார்.

சிரிக்கக் கூடாத இடம். சிஸ்டர் கொர்னேலியாதான் முதலில் சிரித்தார். அப்புறம் மதர் ஜெர்த்ரூதாவே முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். பிளாசிதா தடவித் தடவி என் பக்கம் வந்து, "எந்திரி, முட்டி தேஞ்சா யாரு மாவு பெசையறது?" என்றார்.

தண்டனை உண்டு. மதர் ரொமில்தாவுக்குக் கடிதத்தை நானே எழுத வேண்டும், என் குற்றம் உட்பட. ஏழு வரைவு ஆயிற்று. ஒவ்வொன்றிலும் மதர் ஜெர்த்ரூதா "இங்க உனக்குச் சாதகமா ஒரு வார்த்தை இருக்கு" என்று கோடு போட்டார். நீ எடுத்த நகல்களோடு இன்று போகிறது.

புத்தகத்தின் பக்கங்களை இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படித்தோம். அந்தக் கோழிக்கிளறல்காரியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். சிஸ்டர் எவ்ப்ரோசினா. சமையல்காரியாம். பிளாசிதா தலை நிமிர்ந்து உட்கார்ந்தார் பார்.

தெக்லா

---

5 செப்டம்பர் 2013

நீவெஸ்,

மதர் ரொமில்தா இன்று மாலை உங்கள் கதவுக்குள் நுழைந்ததை நீ பார்த்திருப்பாய். அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் எங்கே இருந்தார் என்பது உனக்குத் தெரியாது. என்னோடு இருந்தார்.

அப்பா ஓட்டிவந்த பேருந்திலிருந்து இறங்கினார். குள்ளமான உருவம், சாம்பல் உடை, காலில் விளையாட்டுக் காலணி. உங்கள் மதர் ஜெர்த்ரூதா என் பெயரைக் கொடுத்திருந்தாராம். "நீதானே ஊரச் சுத்திக்காட்ற பொண்ணு? மரியாதையெல்லாம் வேணாம். நடக்கத்தான் வந்திருக்கேன். தினமும் என்ன காட்டுவியோ அதையே காட்டு."

காட்டினேன். ஒரே ஒரு ஆளுக்கு. முதல் நாள் மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெனடிக்ட் மடத்தில் ஒரு துறவியின் அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குட்டிக் குட்டி மதுப் புட்டிகளைப் பார்த்தார். "தியானத்துக்கு நல்ல வசதிதான்" என்றார். அகுஸ்தினார் மடத்தில் பிள்ளைகள் பள்ளி திறப்பதற்கு முன்பே வந்து படியில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு தடவை குதித்துப் பார்த்தார். எழுபது வயதில்! அடுத்து பிரான்சிஸ்கன் மடத்து நூலகம். பீடம் இருந்த இடத்தில் புத்தக அலமாரி இருப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

நகரமன்றத்தில் தூல்லியோ புத்தகத்தையே மேசை மேல் வைத்திருந்தார். மதர் ரொமில்தா கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து வாசித்தார். பத்துப் பக்கம், இருபது பக்கம். தூல்லியோ நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"முப்பது வருஷமா ஓட்டு எண்றேன். ‘உங்க வீட்ல எது ஆமா, எது இல்ல’ன்னு ஒரு தடவகூட நான் கேட்டதே இல்ல. என் ஊரு வழக்கம்தான் உலக வழக்கம்னு நெனச்சுட்டேன்."

மேலே ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மறுபடி ஓட்டு வைக்கிறது பெருசில்ல. ஆனா ஒண்ணு சொல்லு. ஒருத்திக்கு எண்பத்தேழு, ஒருத்திக்கு எண்பத்திரண்டு. இந்த மலையில இவங்கள யாரு பாத்துப்பா?"

நான் இதற்கு ஒரு பெரிய பதில் தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு: "மருந்து வேணும்னா சுழல்பெட்டியில சீட்டு வைக்கட்டும். தினமும் நான் அந்த வாசலுக்கு வரேன். நான் இல்லன்னா எங்கப்பா பஸ்ஸு. அதுவும் இல்லன்னா ரொட்டிக்கடை வில்மா. எங்க ஊர்ல நானூறு வீடு இருக்குங்க, மதர்."

"உனக்கு அதுல என்ன அக்கறை?" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "சொல்ல வேணாம், தெக்லாவோட அக்கா. மூக்கப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். ஏழு வருஷம் விழுங்கிய வாக்கியத்தை நான் சொல்லும் பெருமைகூடக் கிடைக்கவில்லை.

இப்போது என் பக்கத்தை எழுதிவிடுகிறேன். ஓட்டில் நீ எதைப் போட்டாலும் கேட்க மாட்டேன். நீங்கள் இங்கேயே இருப்பதானால் நான் நடையைக் கீழ்த்தெரு வழியாக மாற்றிக்கொள்கிறேன். உங்கள் கதவைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும். நான் வீம்புக்குச் சொல்லவில்லை. உன் பன்னிரண்டு மணி உனக்கு வேண்டும்.

ஒர்தென்சியா

---

13 செப்டம்பர் 2013

அன்புள்ள ஒர்தென்சியா,

நேற்று ஓட்டு. இந்த முறை மதர் ரொமில்தா சட்டியைத் தூக்கிக்காட்டி, "கறுப்பு ஆமா, வெள்ள இல்ல, சரிதானே?" என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து ஐந்து முறை கேட்டார். பிளாசிதா, "புரிஞ்சுது மதர், எங்களுக்கு எப்பவும் புரியும்" என்றார்.

நாலு கறுப்பு, ஒரு வெள்ளை. அங்கேயே சத்தமாக வாசித்தார். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். விதி என்றால் விதி. இந்த முறை அதை நான் சரியாகக் காப்பாற்றினேன். ஆனால் சாப்பாட்டில் பிளாசிதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு அந்தப் புள்ளயவே பாக்குறீங்க? வெள்ள நான் போட்டது. ரெண்டு மாசமா கடல் கடல்னு பேசிட்டீங்க. எண்பத்தேழு வயசாச்சு, நான் கடலே பாத்ததில்ல" என்றார். மதர் ஜெர்த்ரூதா ஓட்டு ரகசியம் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசினார். பிளாசிதா பாதியில் தூங்கிவிட்டார்.

கீழ்த்தெருவுக்குப் போகாதே. ஓட்டுக்கு முன்னால் இரண்டு நாள் நீ வராமல் இருந்தாய். அமைதியாகத்தான் இருந்தது. திருப்பாடலை முழுசாகச் சொன்னேன். அந்த அமைதியில் எனக்கு ஒன்று தெரிந்தது: என்னைத் தொந்தரவு செய்தது உன் குரல் இல்லை, நீ என்னைத் தவிர எல்லாரிடமும் பேசியதுதான். இப்போது எனக்கும் எழுதுகிறாய்.

மதர் ஜெர்த்ரூதா உன்னிடம் ஒரு யோசனை சொல்லச் சொன்னார். செபக்கூடத்துக்கு வெளியே ஜனங்களுக்கான சிற்றாலயம் இருக்கிறதே, ஞாயிறு தவிர பூட்டியே கிடக்கும். சாவியை நாளை சுழல்பெட்டியில் வைக்கிறோம். பன்னிரண்டு மணிக்கு உன் கூட்டத்தை உள்ளே கூட்டி வா. நீ பேச வேண்டாம். நாங்கள் பாடுகிறோம்.

தெக்லா

---

6 அக்டோபர் 2013

தெக்லா,

சாவி பத்திரமாக இருக்கிறது. பூட்டுக்கு எண்ணெய் போட்டேன்.

மூன்று வாரமாகப் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லிவிட்டு, நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று இருபத்திரண்டு பேர். நீங்கள் முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒர்தென்சியா